கலப்புச் சோளம்

என் புருஷன் முத்துச்சாமியைப் போல ஒரு வடிகட்டின முட்டாளைத் தேடித்தான் யூனியன் ஆபீஸ் ஜீப் சேவுகம்பட்டிக்கே வந்ததோ என்னவோ. அறுபத்திரண்டாம் வருஷம் எங்கள் கிணற்றடி ஒரு ஏக்கரில் புது விதை போட்டு, ஊருக்குக் காட்ட மாதிரி வயலாக்கினார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, ஜீப்பில் வந்த கிராம சேவக் வரப்பில் ஒரு போர்டை நட்டான். 'கலப்பு மக்காச்சோளம்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது.

கலப்பு என்றால் என்ன என்று ஊரார் கேட்டதற்கு, ஆண் வரிசை, பெண் வரிசை, வீரியம் என்று சேவக் அரைமணி நேரம் பேசினான். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கே விளங்கியிருந்ததா என்பது சந்தேகம். இவர் மட்டும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டினார்.

அதே கிணற்றடியில் வாய்க்கால் ஓரமாக நான் நாலு வரிசை மக்காச்சோளம் போடுவேன். அது என் சோளம். தோகையை உரித்தால் கருநீலம், செங்கல் சிவப்பு, தயிர் வெள்ளை என்று கதிருக்குக் கதிர் ஒரு நிறம் வரும். சில கதிரில் எல்லா நிறமும் சேர்ந்தே இருக்கும். எத்தனை தடவை உரித்தாலும் செத்த நேரம் கையில் வைத்துப் பார்க்காமல் கூடையில் போட எனக்கு மனசு வராது. கறுப்பு முத்து பொரிக்கு, வெள்ளை மாவுக்கு, சிவப்பு கூழுக்கு. தட்டை மாட்டுக்கு, சக்கை அடுப்புக்கு. மற்ற விளைச்சலெல்லாம் வண்டியேறிச் சந்தைக்குப் போய்விடும். ஆடி, ஆவணியில் எங்கள் வீட்டில் ஐந்து வயிறு நம்பியிருந்தது இந்த நாலு வரிசையைத்தான்.

சேவக் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா இது, சோளமா, வளையல் கடையா? அறுத்து மாட்டுக்குப் போடுங்க."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் அதைத் தின்று வளர்ந்த உடம்பு இவருடையது. இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். "பொம்பள வெளையாட்டு சார் அது. அறுத்துருவோம்."

"அறுத்துட்டு? ஆடியில ஒங்க போர்டையா கூழு காச்சுறது?" என்றேன். இவர் சேவக்கைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். பெரிய ஆபீசர் பார்க்க வருவதற்குள் கதிரை ஒடித்துத் தட்டையை வெட்டிவிட வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று.

கார்த்திகையில் இரண்டு சோளமும் ஒரே வாரத்தில் பூ எடுத்தன. வாடைக் காற்று என் வரிசையில் ஏறி, பூத்தூளை வாரிக்கொண்டு போய் மாதிரி வயலில் இறைத்தது. சோளத்துக்கு வேலி கிடையாது, காற்று எங்கே கொண்டுபோனாலும் அங்கே கலந்துவிடும் என்று எனக்குத் தெரியும். படித்தவனுக்குத் தெரியாதா என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

தை பிறந்ததும் என் கதிர்களை ஒடித்துத் தோகையோடு முடிந்து அடுப்புக்கு மேல் கட்டினேன். மறு வாரம் பெரிய ஆபீசர் வந்தார். மாலை போட்டார்கள், சோடா கொடுத்தார்கள், போட்டோக்காரன் வந்தான். ஆபீசர் ஒரு கதிரை ஒடித்து ஊர் பார்க்க உரித்தார். மஞ்சள் முத்துக்கு நடுவே அங்கங்கே கருநீலம்.

"என்னய்யா இது, கறுப்புக் கறுப்பா?"

சேவக் பேயறைந்தவன் மாதிரி நின்றான். இவர் முன்னே பாய்ந்தார்.

"அதுதாங்க கலப்பு! போர்டுலயே போட்டுருக்குல்ல? நல்லாக் கலந்துருச்சுங்க!"

ஆபீசர் போர்டைப் பார்த்தார். கதிரைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல வெட்கமோ என்னவோ, "ஆமா, நல்லாத்தான் கலந்திருக்கு" என்றார். ஊரே கைதட்டியது. போட்டோ எடுத்தார்கள். பக்கத்து வீட்டு சிவனம்மாள் என் இடுப்பில் இடித்தாள்.

"ஏத்தா, இது ஒன் சோளம் பண்ணுன சேட்டைல்ல?"

"பேசாம இரு. கூத்தப் பாரு" என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அத்தனை முட்டாள்களை ஒரே வரப்பில் பார்க்க அம்புட்டுச் சந்தோஷமாக இருந்தது.

"திண்டுக்கல் கண்காட்சியில வைக்க இதுமாதிரி நெறைய வேணுமே" என்றார் ஆபீசர்.

"இதென்னங்க, வீட்டுல இதவிட நல்லாக் கலந்தது கெடக்கு!" என்று இவர் ஓடினார்.

என் சிரிப்பு நின்றது. பின்னாலேயே ஓடினேன். அதற்குள் இவர் உரல் மேல் ஏறிக் கதிர்களை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வெதையும் அதுதான், வயித்துக்கும் அதுதான்!"

"ஆபீசர் கேக்குறாருடி. நாலு கருது குடுத்தாக் கொறஞ்சா போயிரும்?"

நாலில் நிற்கவில்லை. ஒரு கதிர்கூட மிச்சம் வைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வயலில் வைத்து நான் வாயைத் திறந்தேன்.

"அய்யா, இது கலப்பு இல்ல. நான் வருசா வருசம் போடுற சோளம். இதோட பூத்தூளு காத்துல பறந்துதான்..."

"வெதை திரும்பக் கெடைக்குமான்னு அம்மா பயப்படுறாங்க சார்" என்று சேவக் குறுக்கே விழுந்தான். அவனுக்கு அப்போதுதான் உண்மை விளங்கியிருக்க வேண்டும். அதனால்தான் அத்தனை அவசரம்.

"பயப்படாதீங்கம்மா. புது வெதை நாங்க தாரோம்" என்றார் ஆபீசர். ஊர் சிரித்தது. சிவனம்மாளும்தான் சிரித்தாள். என் கதிர்களை மாலையாகக் கோத்து ஜீப்பின் முன்னால் கட்டினார்கள். வத்தலக்குண்டு ரோட்டில் ஏறிப் போயிற்று ஜீப்.

ஆடியில், ஆபீஸ் கொடுத்த விதையில் விளைந்த மஞ்சள் சோளத்தை இடித்துக் கூழ் காய்ச்சினேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது, பசை மாதிரி? நம்ம சோளத்துல காச்சக் கூடாதா?"

பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான் அதை நம்ம சோளம் என்றார். இவரை மட்டும் எப்படித் திட்டுவது? அன்றைக்கு ஊர் கைதட்டுகிற நேரத்தில் உண்மையை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது வீட்டில் இருந்திருக்கும். நான் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். கூழ்ச்சட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.