அம்மாசி பார்த்த கோடு

அடையாற்றை ஒட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்று ஓப்பன் டே. எம்.எஸ்சி. மாணவர்கள் ஆளுக்கொரு சோதனையை மேசையில் பரப்பிக்கொண்டு ஊர் ஜனங்களுக்கு வேடிக்கை காட்டும் நாள். இயற்பியல் படிக்கும் மணிமொழிக்கோ ஊர் ஜனங்களைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் அப்பா அம்மாசி ஒருவர் வந்து பார்த்தால் போதும்.

அம்மாசி ஆட்டோ ஓட்டுபவர். பெண் பிஎச்.டி. சேரப்போவதாகச் சொன்னதிலிருந்து வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தியாகராய நகர் நகைக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தார். கடை மேனேஜருக்கு இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“அங்க அப்டி இன்னாத்ததான் பாத்துக்கினு கீற நீ?” என்று நேற்று கேட்டார்.

“வந்து நீயே பாரு நைனா. பாத்துட்டு வோணாம்னா நான் கடைக்கே போறேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

இப்போது அம்மாசி காக்கிச் சட்டையோடு இருட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எதிரே கவிழ்த்து வைத்த ஒரு மீன் தொட்டி. அடியில் கறுப்புத் தகடு, அதற்கும் கீழே கடுங்குளிரான டிரை ஐஸ் கட்டிகள். தொட்டியின் உச்சியில் ஆல்கஹாலில் நனைத்த கம்பளித் துணி. பக்கவாட்டில் ஒரு டார்ச். உள்ளே பனிமூட்டம் இறங்கும். விண்வெளியிலிருந்து வருகிற, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதை ஊடுருவும்போது அவை போன வழியில் வெள்ளைக் கோடு விழும். விழ வேண்டும். ஆனால் ஒன்றும் விழவில்லை.

“ஐஸ் பொட்டியா? பீச்சுல குச்சி ஐஸ்காரங்கூட வச்சிக்கினு கீறானேம்மா,” என்றார் அம்மாசி.

மணிமொழி டார்ச்சைத் திருப்பினாள். குனிந்து பார்த்தாள். ஈரமாகப் பளபளக்க வேண்டிய கறுப்புத் தகட்டில் வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்திருந்தது. தண்ணீர்! அவளோடு சேர்ந்து சோதனை செய்யும் தௌசீஃபை இழுத்தாள்.

“டேய், துணில எதுடா ஊத்துன?”

“கொரோனா டைம்ல வாங்குன சானிடைசர் கேன் அலமாரில இருந்துச்சே. அதுவும் ஆல்கஹால்தான?”

“அதுல தண்ணி கலந்திருக்கும்டா, அறிவுகெட்டவனே!”

இயற்பியல்காரர்களுக்கு மூளை வானத்தில் இருக்கும். பாட்டிலின் லேபிளைப் படிக்க ஆள் வேண்டும். தௌசீஃப் தலைதெறிக்க ஓடி, வேதியியல் துறை வர்ஷினியிடம் கெஞ்சிக் கூத்தாடி, சுத்தமான ஆல்கஹால் வாங்கி வந்தான். அதற்குள் அம்மாசி எழுந்துவிட்டார்.

“சவாரி போவுதும்மா.”

“கொஞ்சம் குந்து நைனா.” அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தகட்டைத் துடைத்து, புதுத் துணியை மாட்டி, எல்லாம் மறுபடி குளிர்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

முதலில் மூட்டம் மெல்ல இறங்கியது. அப்புறம், யாரோ நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு. கரைவதற்குள் இன்னொன்று. குறுக்கே மூன்றாவது. சத்தமே இல்லாமல் கோடுகள் விழுந்து விழுந்து மறைந்தன. மணிமொழி எத்தனையோ தடவை பார்த்தவள்தான். ஆனாலும் உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் முட்டியது. இத்தனை பெரிய அதிசயம் யாரையும் கேட்காமல் நடந்துகொண்டே இருக்கிறதே என்று நெஞ்சு விம்மியது.

“இன்னாம்மா இது?” அம்மாசியின் குரல் இறங்கியிருந்தது.

“வானத்துக்கு அந்தாண்டேர்ந்து வருது நைனா. கூரை, செவுரு எதுக்கும் நிக்காது. இப்பக்கூட உன் கை வழியா போய்க்கினுதான் கீது.”

அம்மாசி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

“நம்ம வூட்டாண்டயும் வருதா?”

“வருது.”

ஆற்றோரக் குடிசைகளை இடித்து, அரசு அவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்ட குடியிருப்பு அது.

“அங்க தண்ணி லாரியே ஒய்ங்கா வராதேம்மா. இது வருதா?”

“ராஜா வூட்டுக்கு எவ்ளோ வருதோ, நமக்கும் அவ்ளோ வருது நைனா.”

அம்மாசி தொட்டிக் கண்ணாடியில் முகம் படுகிற மாதிரி குனிந்துகொண்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் அவர் மூச்சு ஒரு கணம் நின்று வருவது அவளுக்குக் கேட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. நகைக்கடை மேனேஜர். அம்மாசி கண்ணை எடுக்காமலே காதில் வைத்தார்.

“சார்... இல்ல சார், பொண்ணு வராது. அதுக்கு இங்க வேல கீது.”