மூக்குத்தி தெரிகிற கேமரா

புஷ்பவல்லிக்கு முதலில் சந்தேகம் வந்தது கேமராவால் அல்ல, சட்டைக் காலரால். பதினெட்டு வருஷமாகச் சுரங்கத்துச் சட்டை துவைக்கிறவள் அவள். நிலக்கரித் தூசி முதலில் போய் ஒளிந்துகொள்வது காலரின் உள்மடிப்பில்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து நாளாகப் புருஷன் தங்கராசுவின் சட்டையில் நெஞ்சும் கையும் கரி அப்பிக் கிடந்தன. காலர் மட்டும் கடையில் வாங்கியது வாங்கியபடி இருந்தது. வேலைக்குப் போகிறவன் சட்டை அப்படி இருக்காது. போவதாக நடிக்கிறவன் சட்டைதான் அப்படி இருக்கும்.

எங்கேதான் போகிறான் இந்த மனுஷன்? ஷிப்டுக்கு நேரத்துக்குக் கிளம்புகிறான், நேரத்துக்குத் திரும்புகிறான். நடுவில் எட்டு மணி நேரம் எவளோ ஒருத்தி என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். முகம் மட்டும்தான் பாக்கி.

இந்த லட்சணத்தில் அவனுக்குக் கேமரா வேண்டுமாம்! காலாண்டு லீவில் மகள் இளவேனிலைச் சென்னைப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தது. அங்கே படம் எடுக்கப் போன் போதாதாம்.

"போன்ல தூரத்துல இருக்கிறவங்க முகம் தெளிவா விழாது புஷ்பா."

தூரத்தில் யார் இருக்கப் போகிறார்கள்? பெண்டாட்டியும் பிள்ளையும் பக்கத்தில்தானே இருப்பார்கள்! மகளை டியூஷனில் விட்டுவிட்டு, "நானும் கடைக்கு வரேன்" என்று அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த அருள்மொழி பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பான், கேமராக்களும் விற்பான். முதலில் சோப்பு டப்பா அளவில் மஞ்சளாக ஒன்றை எடுத்து வைத்தான்.

"தண்ணியில வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாதுக்கா. கையில மாட்டிகினு ராட்டினத்துல ஏறிடலாம். மூணு பேரும் ஒண்ணா உக்காந்துகினே எடுத்துக்கலாம்."

புஷ்பவல்லிக்கு அது பிடித்துப்போனது. உயரம் என்றாலே அவளுக்குப் பயம். புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் இந்தப் பயணத்துக்கே சம்மதித்திருந்தாள்.

தங்கராசு மஞ்சளைத் தொடக்கூட இல்லை. "தூரத்துல இருக்கிறதை இழுத்துக் காட்டுற மாதிரி எதாவது இருக்கா?"

மூக்கு நீண்ட கறுப்புக் கேமரா வந்தது. வாசலில் நின்றபடி தங்கராசு அதைத் தூக்கி, எதிரே இருந்த தண்ணீர்த் தொட்டியின் உச்சியைக் குறிபார்த்தான்.

"ராட்டினம் உச்சிக்குப் போனாலும் உக்காந்திருக்கிறவங்க பல்லு தெரியுமா?"

"பல்லு என்னா சார், மூக்குத்தியே தெரியும்."

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. "எவ மூக்குத்திங்க தெரியணும் உங்களுக்கு?"

அருள்மொழி புத்திசாலி. பேட்டரி தேட உள்ளே போய்விட்டான்.

"உன்னோடதுதான். நீயும் பாப்பாவும் மேல போவீங்க..."

"நீங்க?"

"கீழ நின்னு எடுப்பேன். யாராவது எடுக்கணுமில்ல?"

"சுரங்கத்துல எட்டு மாடி உசரம் மண்ணு வெட்டுற மெஷின்ல ஏறி நிக்கிற ஆளுக்கு ராட்டினம் கசக்குதா?"

தங்கராசு கேமராவை மேஜைமேல் வைத்தான்.

"இப்ப ஏறுறதில்ல புஷ்பா. கம்பெனி மெடிக்கல் செக்கப்புல புடிச்சிட்டாங்க. உசரத்துக்குப் போனா தலை சுத்துது. காதுக்குள்ள ஏதோ கோளாறாம், உசுருக்கு ஒண்ணுமில்லன்னாரு டாக்டர். ஸ்டோர்ல உக்கார வெச்சிருக்காங்க. போல்ட்டு நட்டு எடுத்துக் குடுக்கிறேன்." அவன் குரல் இறங்கியது. "எங்கப்பா பெரிய மெஷின் ஓட்டுறாருன்னு பாப்பா ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கா. ராட்டினத்துக்குப் பயந்து நிக்கிற அப்பாவை அவ பார்க்க வேணாம். கையில கேமரா இருந்தா, ஏன் ஏறலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

எவளும் இல்லை. புஷ்பவல்லிக்கு முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னாலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இல்லாத ஒருத்திக்கு முகம் தேடிப் பத்து நாளாகச் சோறு இறங்காமல் கிடந்தாளே! அதைவிட, கட்டினவளிடம் சொல்லவும் வெட்கப்பட்டானே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அருள்மொழி எட்டிப் பார்த்தான். "அக்கா, மஞ்சளா, கறுப்பா?"

அவள் மஞ்சள் கேமராவை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"கறுப்பையே குடு தம்பி."

"உனக்குத்தான் உசரம்னா ஆவாதே," என்றான் தங்கராசு. "பாப்பாகூட யாரு ஏறுவா?"

"நான்தான். கண்ணை மூடிட்டிருக்கிறப்ப மட்டும் எடுத்துத் தொலைக்காதீங்க."

வெளியே வந்ததும் ஸ்கூட்டர் சாவிக்குக் கை நீட்டினாள்.

"தரையில எல்லாம் தலை சுத்தாது புஷ்பா."

"அதை அந்த டாக்டர் என்கிட்ட சொல்லட்டும். அதுவரைக்கும் நான் நம்புறதா இல்ல."

தங்கராசு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். பஜாரைத் தாண்டி, மரங்கள் மூடிய குவார்ட்டர்ஸ் ரோட்டுக்கு வண்டி திரும்பியது.

"ஸ்டோர்ல உக்கார்ற ஆளு சட்டையில எப்படிங்க அவ்வளவு கரி?"

தங்கராசு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "வரும்போது... கரி போற கன்வேயர் பெல்ட்டு ஓரமா தூசி கொட்டிக் கிடக்கும். எடுத்துத் தேய்ச்சுக்குவேன்."

"நாளையிலேர்ந்து தேய்க்காதீங்க," என்றாள் புஷ்பவல்லி, திரும்பிப் பார்க்காமல். "துவைக்கிறவ நான். காலருக்குள்ள தேய்க்க மறந்துட்டீங்க."

அவள் தோளைப் பிடித்திருந்த அவன் கை, வீடு வரும்வரை பிடியை விடவே இல்லை.