நாலு மூலை

விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் எங்களைப் பாகான் டாலாமில் ஏற்றிக்கொண்டு, பாலத்தைக் கடந்து தீவிலுள்ள ஜெலுத்தோங்கில் இறக்கிவிடும். ஆறு மணிக்கெல்லாம் சலவைக்கூடத்தில் நீராவி ஏறியிருக்கும். ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களில் யார் யாரோ புரண்டு படுத்த விரிப்புகள் குளோரின் வாடையோடு வெளுத்து, இஸ்திரி உருளைக்குள் புகுந்து, அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி சுடச்சுட வந்து விழும். அதை மடிப்பது எங்கள் வேலை. பதினோரு பெண்கள். எங்களில் யாருடைய விரல் நுனியிலும் ரேகை கிடையாது.

பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை. ஒரு உதறு, ஒரு இழுப்பு, பிறகு நாலு எட்டு நடந்து போய் என் மூலைகளை அவள் கையில் கொடுக்க வேண்டும். மணிக்கு எழுபது விரிப்பு. ஆறு வருஷமாக எனக்கு எதிரே நின்று மடித்தவள் லோகேஸ்வரி. என் புருஷன் கையைத் தொட்டதைவிட அவள் கையை நான் தொட்டது அதிகம் என்று சொல்லிச் சிரிப்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை லோகேஸ்வரி தனியாக மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பக்கத்து மூலைகளை மேசைமேல் பரப்பி, இஸ்திரிப்பெட்டியைப் பாரமாக வைத்துவிட்டு, மறுபக்கம் ஓடி இழுத்தாள். விரிப்பு சரிந்தது. மறுபடியும் ஓடினாள். நான் இரண்டு மேசை தள்ளி காமினியோடு மடித்துக்கொண்டிருந்தேன். பார்க்காத மாதிரி பார்த்தேன். அவளைத் தனியாக விட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் லோகேஸ்வரி மூன்று நாள் மெடிக்கல் லீவு எடுத்தாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்து, இடுப்பைப் பிடித்தபடி நடந்தாள். எங்களில் மூத்தவளான வடிவம்மாள் அக்காவுக்குக் கண் தப்பாது. "புள்ள தங்கலியாம்மா?" என்று கேட்டாள். லோகேஸ்வரி தலையை ஆட்டினாள். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவளோ பறிகொடுத்தவளோ, வேலைக்குத் திரும்பினால் பத்து நாளைக்கு முறை வைத்துப் பத்தியச் சாப்பாடு கொண்டு வருவோம். மலாய்க்காரர்கள் பந்தாங் என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்கிறோம். நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, மிளகுக் கோழி, சுறாப்புட்டு. யார் முறையோ அவள் கையால் பூண்டு உரிக்க வேண்டும், கடையில் உரித்து விற்பதை வாங்கக் கூடாது. போன வருஷம் காமினிக்குச் செய்தோம். இப்போது லோகேஸ்வரிக்குச் செய்தோம். எங்களோடு மடிக்கும் ரொஸ்னா கோழி கொண்டு வந்த அன்று லோகேஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். லோகேஸ்வரி அழவில்லை. மரம் மாதிரி உட்கார்ந்து, கொடுத்ததைச் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் என் முறை. ஸ்பூன் எடுக்க அவள் பையைத் திறந்தேன். கிளினிக் அட்டை இருந்தது. திரும்ப வரவேண்டிய தேதியும், என்ன செய்தார்கள் என்பதும் தெளிவாக எழுதியிருந்தது. பிள்ளை தானாகப் போகவில்லை. இவள் போய் எடுத்திருக்கிறாள்.

உரித்த பூண்டு வாசனை என் விரலில் அப்படியே இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. அன்று மத்தியானமே காமினியிடம் சொன்னேன். சாயங்காலம் வேனில் எல்லோருக்கும் தெரிந்தது. மறுநாள் சாப்பாட்டுக்கு யாரும் எதுவும் கொண்டு வரவில்லை. அதற்கு மறுநாள் நான் மேசை மாறினேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முதலாளி பக்கிரிசாமி கீழே இறங்கி வந்தார். நெற்றி நிறைய விபூதி. கத்திப் பேசவே மாட்டார். தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுப்பார். அந்த முறுக்கின் உப்பு எங்கள் எல்லோர் நாக்கிலும் இருந்தது.

"என்னா லோகா, மணிக்கு இருபத்தஞ்சுதான் போகுது?"

"ஜோடி இல்ல பாஸ்."

"ஏன் இல்ல? நானா வேணாம்னேன்? இவங்கதானே ஒன்கூட நிக்க மாட்றாங்க." எங்களைப் பார்த்தார். "நான் சாமி கும்புடுற ஆளு. யார் என்ன பாவம் பண்ணாங்கன்னு கேக்க மாட்டேன். ஆனா இது பொம்பளைங்க வேலை செய்ற இடம். ஒங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். மலாயில் நாலு வரி. கீழே பதினோரு கோடு போட்டு, லோகேஸ்வரிக்குரிய ஒரு கோட்டில் மட்டும் குறுக்கே அடித்திருந்தது. லோகேஸ்வரியோடு வேலை செய்ய எங்களுக்கு விருப்பமில்லை என்று நாங்களே கேட்டுக்கொள்வதாக எழுதியிருந்தது.

"இது எதுக்கு பாஸ்?" ரொஸ்னா கேட்டாள்.

"நாளைக்கு லேபர் ஆபீஸ்ல கேட்டா காட்டணும்லா. லோகாவ நான் வேலைய விட்டு நிப்பாட்டுனேன்னு இருக்கக் கூடாது. நீங்க கேட்டீங்க, நான் செஞ்சேன். டீ குடிச்சிட்டு சைன் பண்ணிக் குடுங்க."

லோகேஸ்வரி அங்கேயேதான் நின்றாள். அவளைப் பற்றிப் பேசுவதாகவே அவளுக்குத் தோன்றவில்லை போல. விழுந்த விரிப்பை எடுத்து மறுபடி உதறினாள்.

ஓய்வறையில் பால் சேர்க்காத தே ஓ ஆறிக்கொண்டிருந்தது. தாள் மேசை நடுவே கிடந்தது. காமினி பேனாவை எடுத்தாள். அவள்தான் முதலில் போடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் வயிற்றில் நாலு மாதமாக இருந்தபோது, நின்றுகொண்டே மடிப்பது கஷ்டமாக இருக்கிறது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னாள். சரிம்மா என்று அன்போடு கேட்டுக்கொண்டு, அவளை ஈரத்துணி இழுக்கும் பக்கம் போட்டார். தண்ணீர் குடித்த விரிப்பு மூட்டை கல் கனம் கனக்கும். ஐந்தாம் நாள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெயர்கூட வைத்திருந்தாள் அந்தப் பிள்ளைக்கு.

லோகேஸ்வரி கதவருகே வந்து நின்றாள்.

"நீங்க சைன் பண்ணுங்க காமினி. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒனக்கு ஒண்ணுமே இல்லதான். அதான் எனக்கு வயிறு எரியுது." காமினி பேனாவைத் திறந்தாள். "நான் கேட்டுக் கெடைக்காதத நீ வேணாம்னு போட்டுட்டு வந்து, எங்க கையால பூண்டு வாங்கித் தின்ன."

"ஆமா. தின்னேன்." லோகேஸ்வரி பார்வை தரையிலேயே இருந்தது. "பொய் சொல்லணும்னு நெனைக்கல. யாரும் கேக்கல, எல்லாரும் அழுதீங்க, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ரெண்டாவது பொறந்தப்ப எனக்கு மனசு கெட்டு ஆறு மாசம் மருந்து சாப்ட்டது ஒங்களுக்குத் தெரியும். திரும்ப அந்த நெலமைக்குப் போக பயமா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கிஷன்கிட்ட சொன்னேன், சரின்னாரு. டாக்டர் எல்லாம் கேட்டு, சட்டப்படிதான் செஞ்சாங்க. அழுகை வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன், வர மாட்டேங்குது. சந்தோஷமும் வரல. காலைல எந்திரிக்கிறேன், பிள்ளைங்களுக்குச் சோறு கட்றேன், மடிக்கிறேன். அவ்வளவுதான்."

வடிவம்மாள் அக்கா தே ஓ கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

"இருந்திருந்தா இருபத்தெட்டு வயசு," என்றாள் திடீரென்று.

"யாருக்கா?"

"என்னுது. மூணாவதும் பொண்ணுன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க. மாமியா கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. நானும் போனேன். வருஷா வருஷம் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். இந்த வருஷம் கல்யாணம் பண்ணி வச்சிருப்பேன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் அழுறேன், அவளுக்கு வரல. அதுக்காக அவளைத் தொரத்தணுமா?"

ரொஸ்னா முக்காட்டைச் சரிசெய்தாள். "எனக்கு இதயத்துல ஓட்டை. டாக்டர் புள்ள வேணாம்னாங்க. எங்க வீட்டுக்காரரு ஹைதர், மார்க்கம் தெரிஞ்ச உஸ்தாஸ்கிட்டயும் போய்க் கேட்டுட்டுதான் கையெழுத்துப் போட்டாரு. துஆ செஞ்சேன், மனசு அமைதியாதான் இருக்கு. ஆனா வெளிய சொன்னதில்ல. அன்னைக்கு லோகாவக் கட்டிக்கிட்டு அழுதேன்ல, அவளுக்காக மட்டும்னு நெனச்சீங்களா?"

இப்போது என் முறை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வருஷமாக நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன்.

நான் சொன்னேன். என் முதல் பையனுக்கு எட்டு மாதம் ஆனபோது அடுத்தது தங்கிவிட்டது. யாருக்கும் தெரியாமல் போனேன். முடிந்து வெளியே வந்ததும் எதிர்க் கடையில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டேன். அவ்வளவு பசி. அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். துக்கம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. நிம்மதி வந்ததற்காகத்தான் இத்தனை வருஷமும் வெட்கப்பட்டேன். மறுநாள் வேலைக்கு வந்தேன். மணிக்கு எழுபது மடித்தேன். எனக்காக யாரும் ஒரு பல் பூண்டு உரிக்கவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

"அந்தப் பொறாமைலதான் ஒன்னைக் காட்டிக் குடுத்தேன் லோகா," என்றேன். "ஒனக்கு எல்லாரும் ஊட்டிவிட்டது எனக்குப் பொறுக்கல. தப்பு என்னுதுதான்."

லோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். மன்னித்த மாதிரியும் இல்லை, மன்னிக்காத மாதிரியும் இல்லை. "ரொட்டி சானாயா?" என்றாள்.

"கறி ஊத்தி."

யாரோ சிரித்தார்கள். காமினி சிரிக்கவில்லை. பேனா இன்னும் அவள் கையில் இருந்தது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம். அவள் மட்டும் போட்டாலும் தாள் செல்லும், பயந்த நாலு பேர் பின்னாலேயே போடுவார்கள்.

"எனக்கு அவ மேல கோவம்தான்," என்றாள். "போகாது. போகும்னு யாரும் எங்கிட்ட வந்து பேச வேணாம். ஆனா என்னை ஈரத்துணிக்குப் போட்டது இவ இல்ல." பேனாவை மூடினாள். "வயிறு தெரிஞ்சா ஈரத்துணி. வயிறு இல்லன்னா பாவம். இந்த ஆளுக்கு நம்ம வயித்துல என்னா வேலை?"

தாளை அவளேதான் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நாங்கள் பத்துப் பேரும் பின்னாலேயே ஏறினோம். அந்தப் படியில் ஒரே நேரத்தில் அத்தனை பேர் ஏறியது அதுதான் முதல் தடவை.

பக்கிரிசாமி வெறுந்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருத்திகூட போடல?"

"போடல பாஸ்," என்றாள் காமினி.

"ஒருத்திக்காக எல்லாரும் சூசா பட்டுக் கஷ்டப்படப் போறீங்களா? வெளிய வேலைக்கு ஆளு கெடைக்காமலா இருக்கு?"

"கெடைக்கும். வரட்டும். மடிக்கக் கத்துக்க மூணு மாசம் ஆகும். ஹோட்டல்காரங்க விரிப்பு இல்லாம மூணு நாளு இருப்பாங்களா?"

"மெரட்டுறியா?"

"கணக்கு சொல்றேன் பாஸ்."

"சரி. திங்கக்கிழமை வரைக்கும் டைம். இல்லன்னா நானே லெட்டர் அடிக்கிறேன். யாரார் பேர்னு அப்பப் பாருங்க."

"திங்கக்கிழமை நாங்களும் லேபர் ஆபீஸ் போறோம்," என்றாள் வடிவம்மாள் அக்கா. "பதினோரு பேரும். காமினிய எந்த வேலைக்குப் போட்டீங்கன்னும் சொல்லிட்டு வருவோம்."

அவர் நெற்றியைத் துடைத்தார். விபூதி கைக்குட்டையில் ஒட்டியது. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் தெரியாது.

கீழே வந்தோம். உருளை சுற்றிக்கொண்டே இருந்ததால் விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. நான் என் பழைய மேசைக்குப் போனேன். லோகேஸ்வரி இஸ்திரிப்பெட்டியை எடுத்துப் பாரம் வைக்கப் போனாள். அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எனக்கு இன்னும் ஒண்ணும் தோணல அக்கா," என்றாள்.

"தோணாட்டிப் போகுது. மூலையப் புடி."

பிடித்தாள். உதறினோம், இழுத்தோம், நடந்தோம். என் இரண்டு மூலைகளையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் விரல் சூடாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் அறுபத்தெட்டுதான் மடித்தோம்.

மறுநாள் பத்து மணிக்கு வடிவம்மாள் அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தாள். நல்லெண்ணெயில் பூண்டு வாசனை அறை முழுக்கப் பரவியது. லோகேஸ்வரி முன்னால் ஒரு மூடியில் சோறு வைத்தாள். இன்னொரு மூடியில் வைத்து என் முன்னால் தள்ளினாள்.

"எனக்கு எதுக்குக்கா?"

"பத்தொம்போது வருஷம் லேட்டு. சாப்புடு."

அப்போதுதான் கவனித்தேன், காமினியின் விரல் நகங்களில் பூண்டுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் தே ஓ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. லோகேஸ்வரிக்கு வரவில்லை. அவள் தன் மூடியிலிருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.