எருமைக்கு ஏற்ற மோட்டார்

அந்த வண்டிக்கு எட்டுச் சக்கரம். சேற்றில் இறங்கும், மேட்டில் ஏறும், ஏரியில் மிதக்கும். தண்ணீரைக் கண்டால் அவசரம் என்பதையே மறந்துவிடுவதால் தெருவில் அதற்கு எருமை என்று பெயர். சக்கரங்கள் சுழன்றுதான் அது நீந்தியாக வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் சக்கரம் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் அதில்தான் போய்வந்தாள். காற்று மாறிய பிறகு இரண்டு முறை முதல் பாடம் முடிந்தபின்தான் போய்ச் சேர்ந்தாள். தலைமையாசிரியை கோபித்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் முடியும்வரை இங்கேயே தங்கிக்கொள் என்று விடுதி அறை ஒன்றின் சாவியைக் கொடுத்தனுப்பினார். வீட்டிலோ பால்குடி மறக்காத பெண் குழந்தை. சமையலறை ஆணியில் தொங்கிய அந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம், லேத் பட்டறை வைத்திருக்கும் அவள் கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். எருமையின் முதுகில் ஒரு படகு மோட்டாரை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று முடிவு கட்டினான்.

டீச்சரின் அண்ணன் படகு மோட்டார் பழுது பார்ப்பவர். அவர் கடையில் இருந்ததிலேயே பெரியதை இவன் தொட்டுக் காட்டினான்.

"மாப்ள, எருமைய எங்க பந்தயத்துக்கு அனுப்பப் போறீங்க?"

"காத்து எப்படி அடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாது மச்சான். சின்னது தாங்காது."

"தொட்டி மாதிரி உடம்பு அதுக்கு. எவ்வளவு தள்ளினாலும் முன்னாடி தண்ணியத்தான் குவிக்கும். சொன்னா கேக்கவா போறீங்க?"

கேட்கவில்லை. பட்டறையில் இரும்புச் சட்டம் வெட்டி, பற்றவைத்து, வண்டியின் பின்புறம் தன் மார்பளவு உயரத்தில் மோட்டாரை ஏற்றினான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். மச்சான் முன்னால் உட்கார, இவன் பின்னால் கைப்பிடியைப் பிடித்தான். எருமை சமர்த்தாகப் போய்த் திரும்பியது. இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து டீச்சர் தனியாக ஏறினாள். இருவரும் கரையில் நின்றார்கள். மோட்டாரின் கனம், அவளுடைய கனம், பேட்டரி, பெட்ரோல் கேன் எல்லாமே பின்னால். வண்டியின் முகப்பு வானத்தைப் பார்த்தது. கொஞ்சம் வேகம் கொடுத்ததும் பின்விளிம்பைத் தண்ணீர் நக்கியது. அவள் பதறாமல் படகு மோட்டாரை அணைத்துவிட்டு, சக்கரங்களைச் சுழற்றிக் கரைக்கு வந்தாள். மோட்டாரின் அடியில் சுழலும் விசிறி தரையில் இடிக்காமலிருக்க மேட்டில் ஏறுமுன் மோட்டாரைத் தூக்கிச் சாய்க்க வேண்டும். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் தினமும் என்கூடப் பள்ளிக்கூடம் வரப்போறீங்களா?"

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தார். லேத்காரனுக்கு முகம் சுண்டிப்போனது. உயரம், கனம், பிடி எல்லாவற்றையும் தன் உடம்பை வைத்தே அளந்திருக்கிறான். ஓட்டப்போகிறவள் அவள்.

"சரி, வண்டியில உக்காரு. எங்க உக்காந்தா சமமா இருக்குன்னு பாப்போம்" என்றான்.

அன்று மதியம் பட்டறையில் டீச்சர்தான் அளவுகோல். மச்சான் கடையிலிருந்து கொண்டுவந்த சிறிய மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, ஒரு கையால் சாய்க்க முடிந்ததை எடுத்துவைத்தாள்.

"இது மோட்டாரா, மோர் கடையற மத்தா?" என்றான் கணவன்.

"மத்தா இருந்தா என்ன, தண்ணிதானே கடையணும்" என்றார் மச்சான்.

சட்டத்தை அறுத்து அவள் இடுப்பளவுக்கு இறக்கினான். பேட்டரியும் கேனும் முன்னால் போயின. அவள் நடுவில் உட்கார்ந்தபடியே திருப்புவதற்குக் கைப்பிடியில் ஓர் அலுமினியக் குழாயைச் செருகி நீட்டினான். மறுபடி ஏரியில் இறக்கியபோது குட்டை மோட்டாரின் விசிறி தண்ணீர் மட்டத்திலேயே நின்று காற்றை விழுங்கி வெறுமனே அலறியது. இன்னும் நாலு விரல் இறக்கிய பிறகு சத்தம் அடங்கி, வண்டியைத் தள்ளத் தொடங்கியது.

திங்கட்கிழமை காலை காற்று எதிரேதான் அடித்தது. டீச்சர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "திருப்பிக் குடுக்கத்தான்" என்றாள்.

"முதல்ல போய்ச் சேரு. அப்புறம் குடுக்கலாம்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான். அலை முகப்பில் மோதியது; வண்டி மெதுவாக, ஆனால் ஒரு பக்கமும் ஒதுங்காமல் போயிற்று. குழந்தை மூக்கைப் பிடித்து இழுத்தபோதும் அவன் வண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அக்கரை நெருங்கியதும் டீச்சர் மோட்டார் பக்கம் திரும்பினாள். ஒரு கை. மோட்டார் சாய்ந்தது. எட்டுச் சக்கரமும் சேற்றைக் கவ்வ, எருமை உடம்பைக் குலுக்கிக்கொண்டு மேடேறியது.

சற்று நேரத்தில் பள்ளி மணி அடித்தது.

"உங்கம்மா போய்ச் சேந்துட்டா" என்று குழந்தையிடம் சொன்னான். "சாயந்திரம் வந்துருவா. வா, உன் மாமன்கிட்ட அந்தப் பெரிய மோட்டாரத் திருப்பிக் குடுத்துட்டு, அவர் சிரிக்கிறதையும் வாங்கிட்டு வருவோம்."