கட்டைவிரலில் ஒரு பலாப்பழம்

பிரிசில்லா நர்சின் ஆசைக்கும் அவள் பார்த்த உத்தியோகத்துக்கும் ஒத்தே வராது. ஆசை, நகங்களில் வண்ண வண்ணமாகப் படம் வரைவது. உத்தியோகம், திருப்புலி நாட்டு மலை ஊர்களுக்கு நடுவில் இருந்த அரசு சுகாதார நிலையத்தில் ஊசி போடுவதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும். அந்தக் கையில் நகப்பூச்சு கூடாது என்பது கண்டிப்பு. அதனால் தாராபுரத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்திருந்த பூச்சுச் சீசாக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் திறப்பாள். ஜெபக்கூட்டம் முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, தன் இடது கையில் பூவும் புள்ளியுமாகப் போட்டுப் பார்ப்பாள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் பஞ்சால் துடைத்துவிட்டு, மறுநாள் ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலைக்குப் போவாள்.

தன் வீட்டை ஒட்டியிருந்த இரண்டு அறைகளை அவளுக்கு வாடகைக்கு விட்டிருந்த கண்ணாயிக்கு இது ரொம்ப நாள் தெரியாது. நர்சம்மா ஊர் ஞாபகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள் என்றுதான் நினைத்திருந்தாள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல், ஒரு தட்டில் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்ச் சட்னியும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே அழுகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேசைமேல் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சீசாக்கள். பிரிசில்லா இடது கையை விரித்து வைத்து ஈரம் காய ஊதிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட கண்ணாயிக்கு ஆறவில்லை. "இத்தன பாடுபட்டுப் போட்டுட்டு பொழுதோட அழிச்சுப்போடுவியா கண்ணு?"

"என்ன பண்றதுங்க அக்கா, காலைல டூட்டி இருக்குதுங்களே."

சோறு மிஞ்சினாலும் துணி மிஞ்சினாலும் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத குணம் கண்ணாயிக்கு. அந்தக் குணத்தில்தான் யோசிக்காமல் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் கைகளைப் பார்த்தாள். பச்சை மிளகு உதிர்த்து உதிர்த்து நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. கிழங்குத் தோல் உரித்ததில் விரல் நுனிகள் வெடித்திருந்தன. வெட்கப்பட்டு இழுத்துக்கொள்ளப் போனவளைப் பிரிசில்லா விடவில்லை. இத்தனை நாளாகத் தன் இடது கையைத் தவிர வேறு கை கிடைக்காமல் காத்திருந்தவள் அவள்.

வெந்நீரில் சோப்பைக் கரைத்து அந்தக் கைகளை ஊறவைத்தாள். பழைய டூத்பிரஷ்ஷால் கறையைத் தேய்த்து எடுத்தாள். நகங்களை வெட்டி, ராவி, ஒரே அளவாக்கினாள். முதலில் நிறமில்லாத ஒரு பூச்சு. அது காய்ந்தபிறகுதான் வண்ணம். படம் வரையத் தூரிகை எதுவும் இல்லை. பல்குத்தும் குச்சி ஒன்று, தலைமுடியில் குத்தும் பின் ஒன்று, பாத்திரம் தேய்க்கும் புதுப் பஞ்சிலிருந்து கிள்ளிய ஒரு துண்டு, அவ்வளவுதான். பஞ்சில் இரண்டு நிறங்களைத் தொட்டு நகத்தில் ஒற்றினாள். எங்கே பச்சை முடிந்து எங்கே மஞ்சள் தொடங்குகிறது என்று கண்ணாயிக்குப் பிடிபடவே இல்லை.

என்ன படம் வேண்டும் என்று கேட்டதற்கு, தன் தோட்டத்தில் இருக்கிறதைப் போடச் சொன்னாள் கண்ணாயி. இடது கையில் காப்பிப்பூ வந்தது. பின்னின் உருண்டை முனையால் வைத்த வெள்ளைப் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து பூவாயின. வலது கையில் நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே மிளகுக்கொடி. ஆள்காட்டி விரலில் பச்சை மணியாகத் தொடங்கி, சுண்டுவிரலுக்கு வருவதற்குள் சிவந்து பழுத்துவிட்டது. மீதி இருந்தது கட்டைவிரல். அதில் பலாப்பழம்தான் வேண்டும் என்று கண்ணாயி பிடிவாதம் பிடித்தாள். பிரிசில்லா அதுவரை பலாப்பழம் வரைந்ததில்லை. மஞ்சளில் ஒரு உருண்டை போட்டு, பச்சையில் முள் வைத்து, காம்பும் இழுத்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் அது பலாப்பழம். நேராகப் பார்த்தால் கம்பளிப்புழு.

அழித்துவிட்டு வேறு போடட்டுமா என்று பிரிசில்லா பயந்துகொண்டே கேட்டாள். "இருக்கட்டும் கண்ணு. பாக்கறவங்க தலையச் சாச்சுப் பாக்கட்டும்" என்றாள் கண்ணாயி.

வீட்டுக்குத் திரும்பும்போது நாத்தனார் பாப்பாத்தி எதிரில் வந்தாள். கண்ணாயியின் புருஷன் கருப்பண்ணனுக்குத் தங்கை, அதே ஊரில் வாக்கப்பட்டவள், வாயாடி. அண்ணியின் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் யாருக்காக இந்தப் பாடு என்று கேட்டாள். "எங்கண்ணன் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாதுங்க அண்ணி. உங்க கையில ஆறாவது வெரல் மொளச்சாலும், சோறு ஆச்சான்னுதான் கேக்கும்."

கண்ணாயிக்குச் சுருக்கென்றது. அது பொய்யாக இருந்தால் கோபம் வந்திருக்காது. அவளுக்குக் கல்யாணமாகி, மகள் திருச்செங்கோட்டில் கல்லூரிக்குப் போகிற அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. கருப்பண்ணன் வாயிலிருந்து நல்லா இருக்குது என்று ஒரு சொல் வந்ததில்லை. குழம்புக்கும் வந்ததில்லை, சேலைக்கும் வந்ததில்லை. ஆனாலும் நாத்தனாரிடம் விட்டுக்கொடுக்க முடியுமா? அங்கேயே பந்தயம் பேசினார்கள். பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் கருப்பண்ணன் கவனித்துவிட்டால், பாப்பாத்தி வந்து ஒரு நாள் முழுக்க கண்ணாயிக்கு மிளகு உதிர்த்துத் தரவேண்டும். கவனிக்காவிட்டால் கண்ணாயி போய் அவளுக்கு உதிர்க்கவேண்டும். கண்ணாயி தானாக வாயைத் திறக்கக் கூடாது. நர்சம்மாதான் நடுவர்.

அன்று சாயங்காலம் கருப்பண்ணன் தோட்டத்திலிருந்து வந்ததும், கட்டைவிரல் முன்னால் தெரிகிறபடி டம்ளரைப் பிடித்துக் காப்பி கொடுத்தாள். அவன் வாங்கினான், குடித்தான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாச்சா என்று கேட்டான்.

மறுநாள் கேழ்வரகுக் களியை அவன் கண்ணெதிரில் உருட்டினாள், வழக்கத்தைவிட ரொம்ப நேரம். அவன் களியைத்தான் பார்த்தான். அதற்கும் அடுத்த நாள், இல்லாத குரங்கை மரத்தில் காட்டுகிறேன் என்று விரலை நீட்டினாள். அவன் குரங்கைத் தேடினான். கடைசியில் அவன் மீசையில் ஒட்டியிருந்த இலைத்துணுக்கை எடுக்கிற சாக்கில் விரல்கள் அத்தனையையும் அவன் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். கருப்பண்ணன் தும்மினான்.

ஊருக்கெல்லாம் கண் இருந்தது. ரேஷன் கடையில் நின்றவர்கள் கம்பளிப்புழு என்றார்கள். பால் ஊற்றுகிற இடத்தில் முள்ளம்பன்றி என்றார்கள். ஒருத்தி சோளக்கதிர் என்று அடித்துச் சொன்னாள். எல்லோருக்கும் தலையைச் சாய்க்கச் சொல்லிச் சொல்லிக் கண்ணாயிக்கே கழுத்து வலித்தது. பாப்பாத்தி தினமும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, தன் வீட்டு மிளகு நன்றாக விளைந்திருக்கிறது, உதிர்க்கத் தெம்பாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது. கருப்பண்ணன் பாத்திரம் கழுவினான்.

முதல் நாள் காலையில் கண்ணாயி எழுந்து வந்தபோது, தை மாதத்துக் குளிரில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தூக்கம் வரவில்லை, சும்மா கழுவினேன் என்றான். சரி என்று விட்டாள். அடுத்த நாளும் கழுவினான். மரவள்ளிக்கிழங்கை உரிக்க அவள் கத்தியை எடுத்தால் பிடுங்கிக்கொண்டான். பச்சை மிளகை உதிர்க்க உட்கார்ந்தால், நீ போய் சோத்தைப் பார் என்று தார்ப்பாயை விட்டு எழுப்பிவிட்டான்.

கண்ணாயிக்குச் சந்தேகம் வந்தது. கருப்பண்ணன் இப்படி ஒத்தாசை செய்கிறான் என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போன வருஷம் அவள் ஆசையாக வளர்த்த சேவலை மச்சானுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லப் பயந்து ஒரு வண்டி விறகு பிளந்து போட்டவன் அவன். அவள் போய்க் கோழிகளைப் பார்த்தாள், எல்லாம் இருந்தன. மாடு இருந்தது. மிளகு மூட்டை கட்டியபடி இருந்தது. பொருள் எதுவும் போகவில்லை என்றால் உடம்புக்குத்தான் ஏதோ என்று பட்டது. பிரிசில்லாவிடம் போய், இவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரா, ஏதாவது பெரிய சீக்கா, என்னிடம் மறைக்காமல் சொல் என்று மன்றாடினாள்.

வந்தார், வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவீர்களா என்று விசாரித்தார், நாய்க்கு இங்கே போடுவதில்லை என்று சொல்லி அனுப்பினோம் என்றாள் பிரிசில்லா. அண்ணனுக்கு ரத்த அழுத்தம்கூட இல்லை, கல்லு மாதிரி இருக்கிறார் என்றும் சொன்னாள். கண்ணாயிக்கு உடம்பைப் பற்றிய கவலை தீர்ந்தது. ஆள்மேல் இருந்த சந்தேகம் தீரவில்லை.

சந்தை நாள் வந்தது. மிளகு மூட்டையை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் மலை இறங்கினார்கள். பாப்பாத்தி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அண்ணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். காளப்பநாயக்கன்பட்டியில் வேறு பஸ் மாறி, பேளுக்குறிச்சியில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. எப்போதும் அவர்களிடம் மிளகு வாங்குகிற வியாபாரி சென்னியப்பன் பந்தலுக்கு அடியில் தராசோடு உட்கார்ந்திருந்தார். மணி எப்படி இருக்கிறது, காட்டுங்கள் என்றார். கண்ணாயி மூட்டையைப் பிரித்து, ஒரு கை மிளகை அள்ளி நீட்டினாள்.

சென்னியப்பன் மிளகைப் பார்க்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "ஏனுங்க அம்மிணி, கட்டவெரல்ல என்னங்க, புழுவா?"

கண்ணாயி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கருப்பண்ணன் பேசினான். "புழு இல்லீங்க, பலாப்பழம். கொஞ்சம் தலையச் சாச்சுப் பாருங்க."

சென்னியப்பன் சாய்த்துப் பார்த்தார். ஆமாம், பலாப்பழம்தான் என்று ஒப்புக்கொண்டார். கண்ணாயி கையிலிருந்த மிளகு கொட்டிவிடாமல் இருந்ததே பெரிது. பாப்பாத்தி வாயை மூட மறந்து நின்றாள்.

எப்போது பார்த்தீர்கள் என்று கண்ணாயி கேட்டாள். அன்றைக்கே, காப்பி கொடுத்தபோதே பார்த்தேன் என்றான் அவன். பார்த்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றதற்கு, பிடரியைச் சொறிந்துகொண்டான்.

"என்ன படம்னு பிடிபடல. புழுன்னு சொல்லி வெச்சு, அது புழுவா இல்லாம போச்சுன்னா, அப்பறம் எனக்கு யாரு சோறு போடறது? களி உருட்டறப்ப முள்ளெலின்னு நெனச்சேன். கொரங்கு காட்டறப்பத்தான் பலாப்பழம்னு தெரிஞ்சுது. அதுக்குள்ள நாள் தாண்டிப்போச்சு. இனிமேல சொன்னா இத்தன நாளா எங்க போனேன்னு கேப்பே."

சென்னியப்பன் தராசைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணாயி சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் ஒன்றொன்றாகப் புரிய ஆரம்பித்தது. தொட்டித் தண்ணீரில் ஊறித் தோல் வெடித்திருந்த அவன் கைகளைப் பார்த்தாள். மிளகு உதிர்த்து அவன் நகங்கள் கறுத்துக் கிடந்தன.

"பாத்தரம் கழுவுனதும் இதுக்குத்தானுங்களா?"

"தண்ணிலயே கெடந்தா உரிஞ்சு போயிருமில்ல" என்றான் கருப்பண்ணன். பிறகு மிளகு மூட்டையைப் பார்த்துக்கொண்டு, மூட்டையிடம் சொல்வது போலச் சொன்னான். "அந்தக் காப்பிப்பூ நல்லா இருக்குது."

கூட்டத்துக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணாயி அள்ளிய மிளகை மூட்டையிலேயே போட்டு வாயைக் கட்டினாள். இன்னும் மிளகையே பார்க்கவில்லையே என்று சென்னியப்பன் சொன்னபிறகு மறுபடி அவிழ்த்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாப்பாத்தி வழக்காடிக்கொண்டே வந்தாள். பார்த்தது கணக்கில்லை, சொன்னால்தான் கணக்கு என்றாள். சொன்னதும் சந்தையிலிருந்து திரும்புவதற்கு முன்னால்தான் என்றாள் கண்ணாயி. பலாப்பழத்தைப் பார்த்து முள்ளெலி என்று நினைப்பதெல்லாம் பார்த்ததாகுமா என்று பாப்பாத்தி கேட்க, உன் அண்ணன்தானே என்று கண்ணாயி திருப்பிக் கொடுத்தாள். பந்தயம் இருந்ததே அப்போதுதான் தெரிந்த கருப்பண்ணன், கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி உட்கார்ந்துகொண்டான். ஊர் வந்து சேர்ந்ததும் இரண்டு பக்கத்தையும் கேட்ட பிரிசில்லா, ஊரே தப்பாகச் சொன்ன படத்தைச் சரியாகச் சொன்னவர் அண்ணன் ஒருவர்தான், அதனால் பாப்பாத்திக்குத் தோல்வி என்று தீர்ப்புச் சொன்னாள். அந்தத் தீர்ப்பில் பலாப்பழம் வரைந்தவளின் பெருமையும் கொஞ்சம் கலந்திருந்தது.

பாப்பாத்தி சொன்ன சொல் தவறாமல் வந்து ஒரு நாள் முழுக்க உதிர்த்தாள். வாய் ஓயாமல் அண்ணனைத் திட்டிக்கொண்டேதான் உதிர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லாவின் மேசைக்கு முன்னால் கண்ணாயிக்கும் முன்னதாகப் போய் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். அவள் புருஷன் கவனித்தானா இல்லையா என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

கண்ணாயியின் நகங்களில் மிளகுக்கொடி உதிர ஆரம்பித்ததும், பிரிசில்லா ஒரு பொழுதில் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டாள். ஒரு வாரம் நகத்துக்கு ஓய்வு வேண்டுமாம். மறுநாள் காலையில் கண்ணாயி வெறும் விரல்களோடு தொட்டிப்பக்கம் போனாள். குந்தியிருந்த கருப்பண்ணன் தலையைத் தூக்கி அவள் கைகளைப் பார்த்தான். தேய்க்கிற பஞ்சை அவள் கையில் கொடுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

கண்ணாயி ஒரு விரலைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். குளிர் முழங்கை வரைக்கும் ஏறியது. கழுவாமல் கிடந்த குண்டாவையும் சட்டிகளையும் ஒரு பார்வை பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் பிரிசில்லாவின் கதவைத் தட்டினாள். வேலைக்குக் கிளம்பித் தலையைப் பின்னிக்கொண்டிருந்தவள் கதவைத் திறந்தாள்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்குதில்ல கண்ணு?" என்றாள் கண்ணாயி. "ஒரே ஒரு வெரல் போதும்."