செங்கோட்டையில் ஏறிய பெட்டி

இப்பல்லாம் ஒருத்தன் வெளிநாட்டிலிருந்து வந்தால் எவனும் மூஞ்சியைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறான். 'நல்லா இருக்கியா'ன்னு வாய் கேட்கும், கண்ணு பெட்டியை எடை போடும். ஆதம் இதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறார். தென்காசியில் தன் தெருவில் ஒரு பயலையும் அவர் நம்பினதில்லை.

வளைகுடாவில் சண்டை மூண்டதிலிருந்து மனுசன் இன்னும் கெட்டுப்போனான். குண்டு விழுந்தது அங்கே. அடுப்பு அணைந்தது தென்காசியில். சிலிண்டர் கிடைக்காமல் பாதி ஓட்டல் விறகுக்கு மாறிவிட்டது. விமானம் ஏற வேண்டிய புளியங்குடி எலுமிச்சம்பழம் குற்றாலத்து ரோட்டோரம் கூறு கட்டிக் கிடந்தது. சாரல் அடித்தும் கூட்டம் இல்லை. அங்கே ஆதம் காவல் காக்கும் லாட்ஜில் பாதி அறை பூட்டிக் கிடக்க, முதலாளி அவர் சம்பளத்தையும் பாதியாக்கினான். தெருவிலோ ஒரே ஆம்பிளைக் கூட்டம். முன்னே லீவுக்கு ஒருத்தர் ரெண்டு பேராக வந்தவர்கள் இப்போது மொத்தமாக வந்து இறங்கி, பகலில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழித்தார்கள். 'மீட்டது நாங்களே' என்று ஒரு கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டினான். அதன் மேலேயே அடுத்த கட்சிக்காரன் ஒட்டினான்.

அன்றைக்குக் காலையில் மகன் முகம்மது சலீம் போன் பண்ணினான்.

"வாப்பா, திருவனந்தபுரத்துல இறங்கிட்டேன். கம்பெனியைப் பூட்டிட்டான். ரூம்ல கெடந்ததைக்கூட எடுக்க முடியலை. ஒத்தப் பைதான் இருக்கு. இருட்டுனப்புறம் வாரேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"களவாணியாலே நீ, இருட்டுல வாரதுக்கு? இப்பவே பஸ் ஏறு. செங்கோட்டையில இறங்கு. நான் நிக்கேன்."

வளைகுடாவிலிருந்து வருகிறவன் பெட்டி அந்தத் தெருவுக்கே பொது. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை நடுவீட்டில் வைத்து அறுத்து, வந்த சனத்துக்கெல்லாம் ஒரு சோப்போ தைலக் குப்பியோ கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு லீவுக்கும் சலீம் அப்படித்தான் கொடுத்தான். போன மாசம் வெறுங்கையோடு வந்த எதிர்வீட்டுப் பையன் முஃபீத் இன்னும் பகலில் தலைகாட்டுவதில்லை, பள்ளிவாசலுக்குக்கூட. கதவிடுக்கில் அவன் கைலி நுனி தெரியும், அவ்வளவுதான். தன் பிள்ளையும் அப்படி வீட்டுக்குள்ளேயே மக்கிப்போக ஆதம் விடுவதாயில்லை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குற்றாலத்துக்குப் போனார். பெஞ்சமின் அங்கே சீசனுக்கு வருகிறவர்களுக்குப் பாரின் சாமான் விற்கிறவன்.

"கப்பலே வரலை அண்ணாச்சி. எல்லாம் வெலை ஏறிட்டு."

"ஒன் கடைச் சாமான் என்னைக்குலே கப்பலைப் பாத்துச்சு? பெட்டி நெறையணும், அம்புட்டுதான்."

கையிலிருந்தது போதவில்லை. சைக்கிளை அவனிடமே ஈடாக விட்டார். அப்படியும் பெட்டி பாதிதான் நிறைந்தது. சாமான் ஆடாமல் இருக்க, பெஞ்சமின் கல்லாவுக்கு அடியில் கிடந்த காகிதங்களைக் கசக்கி இடுக்கெல்லாம் திணித்தான். ஆதமுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. அவருக்குக் காகிதம் காகிதம்தான்.

சலீம் செங்கோட்டையில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. வாப்பா துண்டைப் பெட்டிக்குப் போர்த்திவிட்டுத் தான் நனைந்தபடி அதன் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் அதைப் பார்க்காதது மாதிரி எழுந்தார்.

"இது என்ன வாப்பா?"

"ஒன் பெட்டி. நீ கொண்டாந்தது. தூக்கு."

"நானா?"

"வாயை மூடிக்கிட்டு ஆட்டோவுல ஏறுலே."

"ஒங்க சைக்கிள் எங்க?"

"பஞ்சர்."

ஆட்டோ இலஞ்சி விலக்கு தாண்டும்போது சலீம் வாப்பாவின் நனைந்த தோளில் தலையைச் சாய்த்தான். தாடி நரைக்கத் தொடங்கிய பிள்ளை. ஆதம் தள்ளிவிடவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. வளைவில் தலை ஆடாமல் தோளை இறுக்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் தெருவே வீட்டுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஹைருன் பீவி முன்னால் வந்து உட்கார்ந்தாள். கட்சிக்காரன் சங்கிலிப்பாண்டி ஒரு சால்வையோடும், போட்டோ எடுக்க ஓர் ஆளோடும் நுழைந்தான்.

"பாய், நம்ம முயற்சியாலதான் தம்பி வந்திருக்கு. ஒரு சால்வை."

"விமானத்தை நீயா ஓட்டுன? ஓரமா நில்லு."

மருமகள் மாஜிதா அரிவாள்மணையைக் கொண்டுவந்தாள். கயிறு அறுந்தது. சலீம் பெட்டியைத் திறந்து ஒரு சோப்பை உருவினான். கூடவே கசங்கிய காகிதங்கள் பொலபொலவென்று தரையில் விழுந்து விரிந்தன. அத்தனையும் நோட்டீஸ். ஒவ்வொன்றிலும் சங்கிலிப்பாண்டி கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். போன வாரம் குற்றாலத்தில் கடைகடையாகக் கொடுத்த நோட்டீஸ்.

சலீமுக்குக் காது மடல் சிவந்தது. சோப்பைப் பிடித்த கை அப்படியே நின்றது. பெட்டி எங்கே கட்டியது என்று இனிச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆதம் சுவரைப் பார்த்தார்.

ஹைருன் பீவி ஒரு நோட்டீஸை எடுத்து முழங்காலில் வைத்து நீவினாள். படத்தைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

"ஏலே சங்கிலி, அரபுக்காரன் ஊரு வரைக்குமா ஒன் மூஞ்சியை ஒட்டி வச்சிருக்கானுவ? அதைப் பாத்துட்டுத்தாம்லே அங்கன சண்டை வந்திருக்கு!"

போட்டோக்காரன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் வீடு முழுக்க. சங்கிலிப்பாண்டியும் வேறு வழியில்லாமல் சிரித்தான். சலீமுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பானது. ஹைருன் பீவி அவன் கையிலிருந்த சோப்பை வாங்கி மூக்கில் வைத்தாள்.

"அப்படியே அந்த ஊரு மணம் மாறலைய்யா. நல்லா இரு."

அதைக் கேட்டு ஒவ்வொருத்தராகக் கை நீட்டினார்கள். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நாலைந்து பேர் சலீமின் தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார்கள். போகிற வழியில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "ஏ முஃபீத், வெளிய வாலே" என்று கத்தினார்கள். கதவு திறந்தது.

பாயைச் சுருட்டும்போதுதான் மாஜிதா பார்த்தாள். அதன் அடியில் சோப்பும் குப்பியும் வரிசையாக இருந்தன. வாங்கின சனம் அத்தனையும் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தது.

"மாமா, இங்கன வந்து பாருங்க. நம்ம கஷ்டம் அவங்களுக்குத் தெரியும் மாமா."

ஆதம் குனிந்து பார்த்தார். ஒரு சோப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"கஷ்டமாவது மண்ணாவது. பெஞ்சமின் கடைச் சரக்குன்னு தெரிஞ்சு வச்சிட்டுப் போயிருக்காளுவ. நெசமா கப்பல்ல வந்திருந்தா விட்டிருப்பாளுவளா?"

"ஒங்களைத் திருத்த முடியாது."

"நான் எதுக்குத் திருந்தணும்? ஊரு திருந்தட்டும்."

லாட்ஜுக்கு நேரமாகிவிட்டது. சைக்கிள் நிற்கும் இடத்துக்குக் கை பழக்கத்தில் போய்விட்டுத் திரும்பியது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, தூறலில் மேலகரம் ரோட்டைப் பார்க்க நடந்தார். பள்ளிவாசல் பக்கமிருந்து சலீம் சிரிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் நின்று கேட்டார்.

"இன்னைக்குச் சிரிப்பானுவ, நாளைக்குத் தெரியும்" என்று முனகிக்கொண்டே மறுபடியும் நடந்தார்.