தேதி முத்திரை

மதிவதனி எழுதிய கணினி நிரலில் பிழையே இல்லை. அந்த ஒரு காரணத்தை வைத்துத்தான் தசரதனைத் தற்காலிக வேலைநீக்கம் செய்திருந்தார்கள்.

படப்பையைத் தாண்டி ஒரகடம் சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் வாகனங்களுக்கான பிரேக் குழாய்கள் தயாராயின. ஒவ்வொரு குழாயையும் சோதனை மேசையில் பொருத்தி, காற்றழுத்தம் ஏற்றி, முப்பது விநாடியில் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது தசரதனின் வேலை. கசிவு அறுநூறு அலகைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையேல் பச்சை. அளவையும் முடிவையும் மேசையே ஒரு காகிதச் சுருளில் அச்சிட்டுவிடும். அந்த மேசையை இயக்கும் நிரலை எழுதியவள் மதிவதனி. 1991 மார்ச்சில் அதைச் சோதித்துச் சரியென்று கையொப்பம் இட்டவளும் அவளே.

ஜூலைக் கடைசியில் மறைமலை நகரில் ஒரு வேன் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது. ஓட்டிய அன்பு என்ற இளைஞனுக்கு வலக்கால் எலும்பு இரண்டாக முறிந்தது. குழாயின் எண்ணைக் கொண்டு சுருளில் தேடினார்கள். கசிவு, நாற்பத்தோராயிரத்து இருநூறு. விளக்கு, பச்சை.

இதற்கு மேலாளர் கோதண்டராமன் ஒரே ஒரு விளக்கத்தைத்தான் கண்டார். மேசையில் பைபாஸ் சாவி என்று ஒன்று உண்டு. பழுதுபார்க்கும்போது அதைத் திருகிவிட்டால் எந்தக் குழாய்க்கும் பச்சையே எரியும். மார்ச்சில் மதிவதனி கையொப்பமிட்ட நிரலின் அச்சுப் பிரதியை அவர் அலமாரியிலிருந்து எடுத்து விரித்தார். கசிவு வரம்பைத் தாண்டினால் நிராகரிக்க வேண்டும் என்ற கட்டளை அதில் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. நிரல் நிராகரிக்கச் சொல்கிறது. இயந்திரம் சொன்னதைச் செய்யும். எனவே தசரதன் சாவியைத் திருகியிருக்க வேண்டும். மேசைக்கு அரக்கு முத்திரை விழுந்தது. தசரதன் கையில் குற்றச்சாட்டுக் கடிதம் விழுந்தது.

மதிவதனி அன்றே தன் அறைக் கணினியில் அந்த நிரலை ஓட்டி, நாற்பத்தோராயிரத்து இருநூறு என்ற எண்ணைக் கொடுத்துப் பார்த்தாள். பச்சை என்றது. எழுநூறு கொடுத்தாள். சிவப்பு என்றது. சிறு கசிவைப் பிடித்து, பெருங்கசிவை விட்டுவிடும் நிரலா? எழுத்தில் அப்படி ஒரு கூறும் இல்லையே!

பத்து நாள் இயந்திர மொழியைத் தோண்டியபின் காரணம் அகப்பட்டது. மனிதர் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். பெங்களூர் நிறுவனம் ஒன்று விற்ற அந்தக் கம்பைலர், முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பூஜ்யத்துக்குக் கீழான எண்ணாக எண்ணி ஒப்பிட்டிருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே இருப்பது எப்படி அறுநூறைத் தாண்டும்?

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவள் கோதண்டராமனிடம் ஓடினாள். அவர் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இதை யாரும்மா படிக்கிறது?"

"நான் படிச்சு விளக்குறேன் சார்."

"நீ அவனைக் காப்பாத்த உன் கம்ப்யூட்டர்ல எதையாவது மாத்தி வெச்சிருக்கே. பெங்களூர்க்காரங்களுக்கும் போன வாரமே எழுதிக் கேட்டாச்சு. ஆயிரம் இடத்துல ஓடுதாம், எங்கேயும் புகார் இல்லையாம். திங்கட்கிழமை விசாரணையில வந்து பேசிக்கோ."

மாலையில் பேருந்து நிறுத்தத்தில் தசரதன் நின்றிருந்தார். பதின்மூன்று ஆண்டு சோதனைப் பிரிவில் நின்ற மனிதர், இப்போது வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே வரக் கூடாது.

"இன்னாமா இது? நீ தப்பா எழுதினிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். நீ கரீட்டா எழுதனதால நான் திருடன். இது எந்த ஊரு நியாயம்?"

"அண்ணே, நான் நிரூபிக்கிறேன்."

"இன்னாத்த நிரூபிப்பே? அன்பு எங்க எதிர் வூட்டுப் புள்ள. அவன் ஆத்தா முனியம்மா எங்க வூட்டு வாசப்படில வந்து குந்திகினு, ஏன்யா சாவிய திருகினேன்னு கேக்குது. வேல போனா போவட்டும். அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

பேருந்தில் ஏறிய அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு கம்பைலர் பொய் சொல்கிறது என்று காட்ட, பொய் சொல்லாத இன்னொரு கம்பைலர் வேண்டும்.

சென்னையில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த சசிரேகா என்ற தோழியிடம் அது இருந்தது. ஜி.சி.சி. என்று பெயர். எவரும் படிக்கலாம், திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று மூலநிரலோடு வெளிவந்த கம்பைலர். வெள்ளிக்கிழமை மதிவதனி அதை ஒரு கார்ட்ரிட்ஜ் டேப்பில் வாங்கி வந்தாள். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகளில் பைகளைத் திறந்து பார்க்காமல் பேருந்து நகர்வதில்லை. தண்டலத்தில் ஏறிய காவலர் டேப்பைக் காதருகே வைத்துக் குலுக்கி, "பாட்டா?" என்று கேட்டார். "இல்லைங்க, படிப்பு" என்றாள்.

சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. மூலநிரலை இயங்கும் கம்பைலராக்க இன்னொரு கம்பைலர் வேண்டும். அவளிடம் இருந்ததோ பழுதுள்ள அந்த ஒன்றுதான். அதனால் மூன்று முறை கட்டவேண்டும் என்று டேப்போடு வந்த குறிப்பு சொன்னது. பழுதுள்ளதைக் கொண்டு முதலாவதைக் கட்டு. முதலாவதைக் கொண்டு இரண்டாவதைக் கட்டு. இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதைக் கட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருந்தால் நம்பு, இல்லையேல் நம்பாதே.

வன்தட்டில் இடம் போதவில்லை. பழைய அறிக்கைகளையெல்லாம் வேறொரு டேப்புக்கு மாற்றி அழித்தாள். பெங்களூர்க் கம்பைலர் ஒரு நீண்ட கோப்பை விழுங்க முடியாமல் நினைவகம் இல்லை என்று நின்றது. அந்தக் கோப்பை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். பிற்பகலில் மின்சாரம் போயிற்று. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஆனால் பாதி எழுதப்பட்டுக் கிடந்த ஒரு கோப்பை முழுமையானது என்று கருதி அந்தக் கணினி மேலே கட்டிக்கொண்டே போயிற்று. இறுதியில் எல்லாம் சரிந்தது. குறைக்கோப்பைக் கண்டுபிடித்து அழித்துவிட்டு மீண்டும் தொடங்கினாள். ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்றாவது முடிந்தது. இரண்டையும் ஒப்பிடும் கட்டளை அந்தத் தொகுப்பிலேயே இருந்தது. கொடுத்தாள். கணினி ஒன்றும் சொல்லவில்லை. வேறுபாடு இல்லாவிட்டால் மௌனமே விடை. புதிய கம்பைலரில் தன் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றி, நாற்பத்தோராயிரத்து இருநூறைக் கொடுத்தாள்.

சிவப்பு.

திங்கட்கிழமை விசாரணை அவள் அறையிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி இராமச்சந்திரன் ஒரு வழக்கறிஞர், கணினி அறியாதவர், அதை ஒளிக்காதவர். கோதண்டராமன் அவர் பக்கத்தில் அமர்ந்தார். தசரதன் சுவரோரம் நின்றார். உட்கார நாற்காலி இருந்தும் எவரும் சொல்லவில்லை. பெங்களூர் நிறுவனத்திலிருந்து ராஜசேகர் என்ற பொறியாளர் கழுத்துப் பட்டையோடு வந்திருந்தார்.

அச்சுப் பிரதியைப் பார்த்தே மதிவதனி நிரலைப் புதிதாகத் தட்டினாள். வரிக்கு வரி இராமச்சந்திரன் ஒத்துப்பார்த்தார். பெங்களூர்க் கம்பைலரில் மாற்றி நாற்பத்தோராயிரத்து இருநூறைக் கொடுத்தாள்: பச்சை. ஜி.சி.சி.யில் மாற்றினாள்: சிவப்பு.

"ஒரே எழுத்து, சார். கம்பைலர் மட்டுந்தான் வேற. தசரதன் சாவியைத் தொடவே வேண்டாம், பச்சை தானா எரியும்."

ராஜசேகர் புன்னகை செய்தார். "சார், இலவசமா யாரோ கொடுத்ததை இந்த மெஷின்ல ஏத்தி, எங்க சாஃப்ட்வேரையும் கெடுத்து வெச்சிருக்காங்க. அந்த இலவசம் எவ்வளவு நம்பகமானதுன்னு பாக்கறீங்களா? மேடம், இரண்டாவதும் மூன்றாவதும் ஒண்ணா இருக்கணும், அதுதானே உங்க கணக்கு?"

"ஆமா. ஒப்பிட்டாச்சு."

"நான் ஒரு தடவை ஒப்பிடட்டுமா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொகுப்பின் கட்டளையைத் தவிர்த்து, இரண்டு கோப்புகளை நேருக்கு நேர் ஒப்பிடும் சாதாரணக் கட்டளையைக் கொடுத்தார். திரையில் கோப்புக்குக் கோப்பு முடிவு வரிசையாக ஏறியது. முதல் கோப்பு வேறுபடுகிறது, ஐந்தாவது இடம். அடுத்த கோப்பு வேறுபடுகிறது, ஐந்தாவது இடம். எல்லாக் கோப்பும் வேறுபட்டன.

"ஒண்ணுகூட ஒத்துப்போகலை, சார். தன்னையே தனக்குச் சரியாக் கட்டிக்கத் தெரியாத கம்பைலர், எங்களுக்கு எதிரா சாட்சியா?"

மதிவதனி திரையை நெருங்கிப் பார்த்தாள். நேற்று கணினி மௌனமாக இருந்தது ஏன்? இன்று இப்படிச் சொல்வது ஏன்? கோதண்டராமன் பேனாவை மூடினார். "அப்ப முடிச்சுக்கலாமா?"

"எல்லாத்துலயும் அஞ்சாவது எடந்தானா சார்?"

சுவரோரம் இருந்து வந்தது குரல். எல்லாரும் திரும்பினார்கள்.

"நீ பேசாம இருய்யா" என்றார் கோதண்டராமன்.

"பதிமூணு வருசமா பேசாம தான் சார் இருந்தேன். எல்லாத்துலயும் ஒரே எடத்துல மாறுதுன்னா அது தேதி பஞ்ச் சார். நம்ம கொழாயில அடிக்கிறோமே? ஒரே டை அச்சுல வுட்ட ரெண்டு கொழாய எடுத்து வெச்சா, எல்லாம் ஒண்ணா கீது, தேதி அடிச்ச எடம் மட்டும் வேற. அதுக்காக ஒண்ணு நல்லது ஒண்ணு கெட்டதுன்னு தூக்கிப் போட்டுடுவீங்களா? இது ரெண்டும் வேற வேற நேரத்துல பண்ணது தானே?"

மதிவதனி ராஜசேகரை எழச் சொல்லவில்லை. நாற்காலியோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினாள். முதல் வேறுபாட்டோடு நிற்காமல் எல்லா வேறுபாட்டையும் பட்டியலிடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். ஐந்தாவது இடம், ஆறாவது இடம், சிலவற்றில் ஏழாவது. அதன்பின் கோப்பின் கடைசிவரை ஒரு புள்ளி வேறுபாடும் இல்லை. கணினியின் யூனிக்ஸ் கையேட்டைப் புரட்டி, கோப்பின் தலைப்பகுதியை விவரிக்கும் பக்கத்தை இராமச்சந்திரன் முன் வைத்தாள். ஐந்து முதல் எட்டு வரையிலான இடங்கள்: கோப்பு உருவான நேரம். தொகுப்பின் கட்டளை அந்தத் தலைப்பகுதியைத் தாண்டித்தான் ஒப்பிட்டிருக்கிறது.

"ராஜசேகர்," என்றாள். 'சார்' உதிர்ந்துவிட்டிருந்தது. "கம்பைலர் விக்கிற உங்களுக்கு இது தெரியாதா?"

அவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தார்.

"தெரிஞ்சேதானே காட்டினீங்க?"

"மேடம், கத்த வேண்டாம். பெரிய எண்ணுல வர்ற அந்தச் சின்னப் பிரச்சினைகூட அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணியாச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது இன்னதென்று அவருக்கே உறைத்தது. இராமச்சந்திரன் தலை நிமிர்ந்தார். "எந்தப் பிரச்சினை? எப்போ சரி பண்ணினீங்க?"

"ஜனவரியில, சார். கேட்டு எழுதறவங்களுக்கு அனுப்பறோம்."

"கேட்டு எழுதுறதுக்குக் குறை இருக்குன்னு தெரிய வேண்டாமா?" மதிவதனி அவர் பக்கம் திரும்பினாள். "மேசை ஓட ஆரம்பிச்சது மார்ச்சுல. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும். ஆயிரம் இடத்துல ஓடுது, புகாரே இல்லைன்னு போன வாரம் கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கீங்க!"

இராமச்சந்திரன் பத்து நிமிடம் எழுதினார். குற்றச்சாட்டு ஆதாரமற்றது, வேலைநீக்கம் ரத்து. கோதண்டராமன் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். கீழே ஒரு வரி சேர்ந்தது: பணியில் இனிக் கவனமாக இருக்குமாறு தசரதன் எச்சரிக்கப்படுகிறார்.

"ஃபைலுக்கு ஏதாவது வேணும்ல? சும்மா ஒரு வரி" என்றார் கோதண்டராமன்.

தசரதன் பேனாவை வாங்கவில்லை. "நான் இன்னா சார் பண்ணேன், என்ன எச்சரிக்கறதுக்கு?"

"வேலை திரும்பக் கெடைச்சுதுல்ல, போட்டுட்டுப் போய்யா."

"போட மாட்டேன்."

மதிவதனி அந்தத் தாளை எடுத்தாள். "அந்த எச்சரிக்கை எனக்கு வர வேண்டியது சார். மார்ச்சுல நான் சோதிச்சது ஐந்நூத்தித் தொண்ணூறு, அறுநூத்திப் பத்து, எழுநூறு. நாற்பதாயிரத்தைக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. அவ்வளவு கசிவு யாருக்குத் தப்பும்னு நினைச்சேன். பார்க்காமலே சரின்னு கையெழுத்துப் போட்டேன். என் பேரை எழுதுங்க."

"உன் ஃபைல்ல நிரந்தரமா நிக்கும். யோசிச்சியா?" என்றார் கோதண்டராமன்.

"அன்பு எப்ப எழுந்து நிப்பான்னு நீங்க யோசிச்சீங்களா? எழுதுங்க சார்."

இராமச்சந்திரன் பெயரை அடித்து மாற்றினார். அவள் கையொப்பமிட்டாள். பதினான்கு நாள் முனியம்மாள் முகத்தைப் பார்த்த தசரதனுக்கு அந்தத் தாள் மட்டும் போதவில்லை. "இத்த எங்க தெருவுல வந்து சொல்லு, அப்பதான் ஆச்சு" என்றார்.

"இப்பவே வர்றேன் அண்ணே."

பையைத் தூக்கும்போது ராஜசேகர் தாழ்ந்த குரலில் கேட்டார். "மேடம், அந்த டேப்... ஒரு நகல் எடுத்துக்கலாமா?"

மறுத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. எவரும் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவர்களின் நினைப்பு அதைத் தடுத்தது.

"தாராளமா எடுத்துக்கலாம். அதை யாரும் யார்கிட்டேயும் ஒளிக்கிறதில்லை. ஆனா அதுக்கு முன்னாடி எங்ககூடப் படப்பைக்கு, இவர் தெருவுக்கு வாங்க. ஜனவரியில உங்களுக்குத் தெரியும்ங்கறதை முனியம்மாகிட்ட நீங்க சொல்லணும்."

"எனக்குப் பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

தசரதன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கையை ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"பஸ்ஸு அப்பாலயும் வரும் சார். நட."